அறுபது நாள் அவகாசம்

வேலை போய் மூன்று வாரம். அலுவலக மருத்துவக் காப்பீடும் மாத இறுதியோடு முடிந்தது. நேற்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, கலிபோர்னியா மாநிலத்தின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தையான 'கவர்டு கலிபோர்னியா' தளத்தில் நாங்கள் இருவரும் பதிவு செய்துவிட்டோம். இதற்கு, ஆண்டுதோறும் பொதுப் பதிவு தொடங்கும் நவம்பர்வரை காத்திருக்க வேண்டியதில்லை; வேலைவழிக் காப்பீடு போனால் 60 நாள் சிறப்பு அவகாசம் உண்டு. நம்மவர் பலருக்கு இது தெரியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அங்குள்ள திட்ட வகைகளில், பிரீமியம் குறைவு என்று வெண்கலத் (Bronze) திட்டத்தை எடுக்கவிருந்தேன். மனைவிதான் தடுத்தாள். வருமானம் குறைந்தவர்களுக்கு, மருத்துவரிடம் நாம் கட்டும் பங்கைக் குறைக்கும் சலுகை வெள்ளித் (Silver) திட்டத்தில்தான் இருக்கிறது. வருமானம் இன்னும் குறைவென்றால் அதே விண்ணப்பம், குறைந்த வருமானத்தவருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடி-கால் தகுதிக்கும் பார்க்கப்படும்.

வேலை இழந்த நண்பர்களே, தயங்காமல் உள்பெட்டிக்கு வாருங்கள். எந்த நேரமானாலும் கூடவே இருந்து நிரப்ப உதவுகிறேன்.