ஈர வேட்டியும் புருஷாமிருகமும்

சிவராத்திரிக்கு முந்தின நாள் பிற்பகல், கன்னியாகுமரி மாவட்டத்து முஞ்சிறை திருமலை மகாதேவர் கோவிலில் ‘கோவிந்தா! கோபாலா!’ என்று சிவாலய ஓட்டம் கிளம்பும். 12 சிவன் கோவில்களை ஓடியே கும்பிட்டு முடிக்கும் வேண்டுதல் அது. சிவன் கோவிலில் பெருமாள் பெயரா என்று வெளியூர்க்காரர் முழிப்பார்கள். பாதி மனிதன், பாதி மிருகமான புருஷாமிருகத்திடம் பீமன் பால் கேட்டுப் போன கதைதான் காரணம். சிவனைத் தவிர வேறு பெயர் அதற்கு ஆகாது. பீமன் கோவிந்தா என்றதும் துரத்தியது. அவன் ஒரு உருத்திராட்சத்தைப் போட, அது லிங்கமாகும். மிருகம் நின்று பூசை செய்யும். அதற்குள் பீமன் ஓடுவான். 12 உருத்திராட்சம், 12 கோவில்.

இது நடந்ததா என்று கேட்டு யாரும் மாலை போட்டுவிடுவதில்லை. விரதம் இருந்தாயா, குளித்தாயா, அவ்வளவுதான் கேள்வி. கதையில் பாதி சந்தேகம் உள்ளவரும் 12 கோவிலையும் முடிப்பார். முழுக்க நம்புகிறவர் நாலாவதில் பஸ் ஏறிவிடுவதும் உண்டு. சுசீந்திரம் கோவிலிலும் இப்படித்தான். இரவில் இந்திரன் வந்து பூசை செய்வதாக ஐதீகம். அதனால் ராத்திரி நடை அடைத்த பூசாரி காலையில் திறப்பதில்லை. ‘அகம் கண்டது புறம் கூறேன்’ என்பது அங்கே சத்தியம். நம்பிக்கை அங்கே வேலை முறையாகவே ஆகிவிட்டது.

ஓட்டத்துக்கு வருவோம். தூரம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, ஒரு துணிப்பையில் திருநீறு. திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, நட்டாலம் என்று வரிசை மாறாமல் போகவேண்டும். ஒவ்வொரு இடத்திலும் குளித்து, ஈரத்தோடு கும்பிட்டு, சாமிக்கு விசிறிவிட்டுக் கிளம்புவார்கள்.

கோவிந்தன்மாரை, அதாவது ஓடுகிறவர்களை, கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த ஈரம்தான். நனைந்த வேட்டி தொடையில் உரசி, விடியும்போது தோல் உரிந்து எரியும். கிளம்பும்போதே தேங்காயெண்ணெய் தடவி, குளித்ததும் மறுபடி தடவவேண்டும். புண்ணான பிறகு தடவிப் பயனில்லை. முனையை நன்றாகப் பிழிந்து, முழங்காலுக்கு மேலே தார்பாய்ச்சிக் கட்டினால் உரசல் குறையும். புது வேட்டி வேண்டாம், கஞ்சி போன பழசுதான் நல்லது.

தேய்பிறைத் திரயோதசி என்பதால் நிலா விடியும் தறுவாயில்தான் எட்டிப் பார்க்கும். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கும்மிருட்டு. டார்ச் கட்டாயம். வெறுங்காலில் ஜல்லி குத்தினால் அப்போது தெரியாது, பகலில் தார் சுடும்போது தெரியும். வழியில் ஊர்க்காரர்கள் கொடுக்கும் சுக்குநீர், மோர், கஞ்சி எல்லாம் வாங்கலாம். கஞ்சியை மட்டும் வயிறு முட்டக் குடித்துவிட்டு ஓடினால் விலாவில் பிடிக்கும். முதல் மூன்று கோவிலில் வேகம் காட்டுகிற இளவட்டங்கள்தான் கல்குளம் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

நட்டாலத்தில் சங்கரநாராயணர். துரத்திய மிருகத்துக்கு அரியும் சிவனும் ஒன்றென்று காட்டிய இடம். ஓட்டம் அங்கே முடிகிறது, ஆனால் அன்று ராத்திரிதான் சிவராத்திரி, கண் விழிக்கவேண்டும். மண்டபத் தூணில் சாயாதீர்கள். ‘அஞ்சு நிமிஷம்’ என்று சாய்ந்தவரை எழுப்ப யாராலும் ஆகாது.