கொல்லன் தெருவில் நாலு கிலோ ஊசி

அம்மாவின் பெட்டியில் நாலு கிலோ தேயிலைத்தூள் இருந்தது. நாங்கள் புறப்பட்டிருந்ததோ நீலகிரிக்கு. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறோமே அம்மா என்றேன். "அங்க இருக்கிறதெல்லாம் ஒரு தூளாடா? எங்க அக்கா இத்தனை வருசமா அதைத்தான் குடிச்சிக்கிட்டுக் கெடக்கா, பாவம்" என்றார். விமானத்தில் ஆளுக்கு இத்தனை கிலோதான் என்று கணக்கு. அதனால் என்னுடைய இரண்டு சட்டைகளும் ஒரு ஸ்வெட்டரும் இலங்கை மலைநாட்டில், எங்கள் ஊரான ஹட்டனிலேயே தங்கிவிட்டன.

ஊட்டிக்குப் போகிறோம் என்று சொன்னதும் பக்கத்து வீட்டுச் சின்னம்மா கேட்டது ஒரே கேள்வி.

"அங்க என்ன இருக்கு?"

"மலை."

"சரி."

"தேயிலை. அப்புறம் குளிர், பனி, ஒரு ஏரி, ஒரு பூந்தோட்டம்."

சின்னம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "ஏன் கண்ணு, நூரளைக்கு இப்ப பஸ் ஓடலியா?"

பஸ் ஓடியது. அதுதான் பிரச்சினையே. ஏப்ரல் வந்தால் நூரளையில், அதாவது நுவரெலியாவில், சீசன். கொழும்பு மொத்தமும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மலையேறிவிடும். கிரகரி ஏரிப் பக்கம் போனால் தண்ணீர் தெரியாது, வாகனங்களின் கூரைதான் தெரியும். வருசா வருசம் இதைப் பார்த்துப் பார்த்து, இந்தத் தடவை நாமும் யாருடைய மலைக்காவது போய் அவர்களுக்கு இடைஞ்சல் கொடுப்போம் என்று முடிவெடுத்தேன். ஊட்டியில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, சென்னையும் பெங்களூரும் அதே வாரத்தில் அதே முடிவை எடுத்திருந்தன.

இது நான் வெளியில் சொல்லும் காரணம். உண்மைக் காரணம் கோத்தகிரியில் இருக்கும் பெரியம்மா. அதைப் பிறகு சொல்கிறேன்.

சென்னையில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்து விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கினோம். அங்கிருந்துதான் மலை ரயில். நான் டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா ஒரு போர்ட்டரைப் பிடித்துவிட்டார்.

"தம்பி, கோச்சி எத்தனை மணிக்கு?"

"கொச்சிக்கா? இங்கேருந்து கிடையாதும்மா. கோயமுத்தூர் போய்ப் பிடிக்கணும்."

"கோயமுத்தூர் எதுக்கு? ஊட்டிக்குப் போற கோச்சி."

"அம்மா, ஊட்டி மேல இருக்கு. கொச்சி கேரளால இருக்கு. ரெண்டுல எதுக்குப் போறீங்க?"

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மனிதர் எங்களுக்காக ஒரு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டுவிட்டிருந்தார். எங்கள் மலைநாட்டில் ரயில் என்றாலே கோச்சிதான் என்று நான் விளக்கியதும், "எங்களுக்கு அது ஊரு சார்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

காலை 7.10க்கு ரயில் கிளம்பியது. என் மகனுக்குப் பத்து வயது. இந்தப் பயணத்தை அவன் உலகக் கிண்ணப் போட்டியாக எடுத்துக்கொண்டிருந்தான். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு ஒரு பக்கம் 'ஊட்டி', மறுபக்கம் 'நாங்க' என்று எழுதி வைத்திருந்தான். கல்லாறு தாண்டும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவன் அலறினான்.

"அப்பா, முன்னால எஞ்சின் இல்ல! மறந்துட்டு வந்துட்டாங்க!"

மறக்கவில்லை. எஞ்சின் பின்னால் இருந்தது. குன்னூர் வரைக்கும் ஏற்றம் சில இடங்களில் 12 அடிக்கு 1 அடி. சும்மா தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் என்பதால், நடுவில் பல் வைத்த இரும்பு ஒன்றைப் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு கீழேயிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. இதையெல்லாம் நான் கையை ஆட்டி விளக்கி முடித்தபோது அம்மா இரண்டே வரியில் முடித்துவிட்டார். "கொழுந்து லொறி ஏத்தத்துல நின்னுட்டா நாங்க எல்லாரும் பின்னால நின்னு தள்ளுவோம்ல? அதேதான்."

நம்ம பாதையில் ஆகக் கடுமையான ஏற்றமே 44க்கு 1தான் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஊட்டிக்கு ஒரு புள்ளி. அதன்பிறகு அடி மேல் அடி. ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர், நுவரெலியா 1,868. தொட்டபெட்டா 2,637, நம்ம பீதுருதாலகால 2,524. ஜோன் சல்லிவன் ஊட்டி ஏரியை உண்டாக்கியது 1824இல், கிரகரி ஏரி வந்ததோ 1873இல். நாலுக்குப் பூச்சியம். பையனின் முகம் தொங்கிவிட்டது. சிங்கமலைச் சுரங்கத்தில் கத்துகிற மாதிரி இங்கேயும் ஒவ்வொரு சுரங்கத்திலும் பெட்டியே கூச்சலிட்டது, இவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் தண்டவாளத்தின் அகலம் கைகொடுத்தது. இங்கே ஒரு மீட்டர், நம்மூரில் 1.676 மீட்டர். எழும்பி நின்று கைதட்டினான். எதிரே உட்கார்ந்திருந்த கோயமுத்தூர்க் குடும்பம், எதற்கென்று தெரியாமலே, சேர்ந்து கைதட்டியது.

46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் கோச்சியைத் திட்டித் திட்டியே வளர்ந்தவன் நான். அதனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

தாவரவியல் பூங்காவில் பெரிய தகராறு. ஊட்டிப் பூங்கா 1848, நம்ம ஹக்கல 1861 என்று பலகையையும் போனையும் பார்த்துச் சொன்னேன். "பேராதனை 1821!" என்று பையன் குதித்தான். நான் யோசிப்பதற்குள் அம்மா நடுவராகிவிட்டார். "பேராதனைக்குப் போனா ஸ்வெட்டர் போடுவியா?" "இல்ல அப்பாயி." "அப்ப அது கணக்குல வராது. மலையூரு தோட்டம் மட்டும்தான்." சொந்த நாட்டுக்கு எதிராக இவ்வளவு நேர்மையான நடுவரை நான் பார்த்ததில்லை.

பூங்கா வாசல் கடையில் வர்க்கி வாங்கினோம். ஊட்டி வர்க்கி என்றால் மொறுமொறுவென்று ஏடு ஏடாகப் பிரியும், தேத்தண்ணியில் முக்கினால் இரண்டு விநாடிதான் தாங்கும். அதைப் போட்டுக்கொள்ள அம்மா, "தம்பி, ஒரு சிலிசிலி பேக் குடுங்க" என்றார். கடைக்காரர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஐந்து நிமிடம் கழித்துச் சுடச்சுட நாலு மிளகாய் பஜ்ஜியோடு வந்தார். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதும், நாங்கள் பை கேட்டோம் என்பதும், பஜ்ஜிக்குக் காசு கொடுத்தே ஆகவேண்டும் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகின. பஜ்ஜி நன்றாக இருந்தது.

மறுநாள் குன்னூர்ப் பக்கம் இறங்கினோம். ரோட்டோரம் ஒரு தேயிலைத் தோட்டம், அதன் முன்னால் ஒரு போட்டோக்காரர். கம்பியில் வண்ண வண்ணப் பாவாடைகள், பக்கத்தில் ரிப்பன் கட்டிய குட்டிக் கூடைகள். கொழுந்து பறிக்கும் பெண் மாதிரி வேசம் போட்டுப் படம் எடுத்தால் நூறு ரூபாய். என் மனைவி வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவதற்குள் அந்தப் போட்டோக்காரப் பையன் அம்மாவின் தோளில் ஒரு கூடையை மாட்டிவிட்டான்.

"பாட்டி, அப்படியே கொழுந்து கிள்ளுற மாதிரி ஒரு போஸ் குடுங்க."

"மாதிரியா?" என்றார் அம்மா.

முதலில் கூடையைக் கழற்றினார். கயிற்றை நீட்டி முடிந்து, முந்தானையை மடித்து உச்சந்தலையில் வைத்து, அதன்மேல் கயிற்றைப் போட்டு, கூடையை முதுகில் ஒருமுறை குலுக்கி இறக்கினார். பிறகு செடிக்குள் இறங்கிவிட்டார். முப்பத்திநாலு வருசம் கொழுந்தெடுத்த கை. முழங்கால் வலி, சீனி, பிரசர் எதுவும் அந்தக் கைக்குத் தெரியாது. இரண்டு கையும் தனித்தனியாக ஓடின. இரண்டு இலை ஒரு மொட்டு, கட்டைவிரலால் ஒரு தட்டு, சட்டென்று ஒடியும் ஒரு சின்னச் சத்தம். உள்ளங்கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலால் ஒரு வீச்சு. ஒரு இலைகூடக் கீழே விழவில்லை. போட்டோக்காரப் பையன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்குள் கூடையின் அடி மறைந்துவிட்டது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. வேனை நிறுத்தி இறங்கினார்கள். ஒருவர் என் காதருகே வந்து, "இவங்க படம் எடுத்தா எவ்வளவு சார் குடுக்கணும்?" என்று கேட்டார். என் மனைவி, எங்களை முன்பின் தெரியாதவள் போல, தூரத்து மலையை ரசித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் பயபக்தியோடு கூடைக்குள் இருபது ரூபாய் நோட்டைப் போட்டார்.

அம்மா எதையும் கவனிக்கவில்லை. அவருடைய கவலை வேறு. "இந்த மலைக்குக் கங்காணி யாரு? கவ்வாத்து வெட்டி எத்தனை வருசமாச்சு? பாரு, செடி மேல மேசை மாதிரி மட்டமா இல்ல. முத்தின இலையெல்லாம் அப்படியே கெடக்கு."

போட்டோக்காரப் பையன் பரிதாபமாக, "பாட்டி, போதும், படம் நல்லா வந்திருச்சு" என்றான். அம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டு கரையேறி, கூடையை இறக்கி, அவனைப் பார்த்துக் கேட்டார்:

"எங்க நிறுக்கிறது?"

நிறுக்க இடமில்லை என்றதும் அம்மாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கொழுந்தைக் கொட்டவும் விடவில்லை, முந்தானையில் கட்டிக்கொண்டார். கூடையின் அடியிலிருந்த இருபது ரூபாயைக் காட்டினேன். ஐந்து நிமிடத்துக்கு இருபது இந்திய ரூபாய் என்றால் எட்டு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பேரனைக் கணக்குப் போடச் சொன்னார். 1,920 என்றான் அவன். நம்ம காசுக்கு மாற்றினால் இன்னும் மூன்று மடங்குக்கு மேல். எங்கள் தோட்டங்களில் ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனதே 2021இல்தான். அம்மா அதற்கு முன்பே சர்வீஸ் காசை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "அப்பவே இங்க வந்து பேர் பதிஞ்சிருக்கணும்" என்றார். என் பையன் கொப்பியில் ஊட்டிக்கு இன்னொரு புள்ளி போட்டான்.

அன்று பின்னேரம் கோத்தகிரி. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குப் போன எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. பெரியம்மா அந்தப் பங்கில், அம்மா இந்தப் பங்கில். அப்போது தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டுபோன கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்று பெயர். அப்படி வந்தவர்களுக்காக 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில்தான், இன்றைக்கு டான்டீ என்கிறார்கள், பெரியம்மா காலம் முழுக்க வேலை செய்தார். ஊருக்குள் அவர் பெயர் இன்னமும் 'சிலோன்காரம்மா'. "அங்க இருந்தவரைக்கும் இந்தியாக்காரன்னாங்க, இங்க வந்ததும் சிலோன்காரன்னாங்க. நடுக்கடல்ல கப்பல்ல மட்டுந்தான் யாரும் ஒண்ணும் சொல்லல, எல்லாரும் வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தாங்க" என்றார் பெரியப்பா.

அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதது ஒரு பத்து நிமிடம். பதினோராவது நிமிடம் தேத்தண்ணி வந்தது, சண்டை ஆரம்பித்தது.

அம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "என்னக்கா இது, தூள் கடுகு மாதிரி உருண்டை உருண்டையா இருக்கு?"

"அது சிடிசி, மெஷின்ல நசுக்கி உருட்டின தூள். ஒரு கரண்டி போட்டா நாலு பேருக்குச் சாயம் எறங்கும். உன் தூள்ல சாயம் எறங்க விடிஞ்சிரும்."

"எறங்கட்டும். வாசம் வேணாமா? நீங்க பாலையும் சீனியையும் ஊத்திப் பாயசமா குடிக்கிறீங்க."

"ரொம்பப் பேசாதடி. நீ இன்னும் கையாலயா கொழுந்தெடுத்த? இங்க கத்திரி வந்து எவ்வளவோ காலமாச்சு."

"கத்திரியா? அதுக்குப் பேரு கொழுந்தெடுக்கிறதா, முடி வெட்டுறதா?"

இரவு பத்து மணி வரை அடுப்பில் மாறி மாறிச் சுடுதண்ணி கொதித்தது. குடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நானும் பெரியப்பாவும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சோறு கிடைக்காது என்பதால் இருவரும் இரண்டையும் புகழ்ந்து புகழ்ந்து பன்னிரண்டு டம்ளர் குடித்தோம். அன்றிரவு நான் ஒரு பொட்டும் தூங்கவில்லை.

புறப்படும்போது பெரியம்மா அம்மாவின் பெட்டியைத் திறந்து, நாலு கிலோ காலியான இடத்தில் நாலு கிலோ நீலகிரித் தூளை வைத்து அடைத்தார். வர்க்கி என் கைப்பைக்கு வந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பார்த்தபோது அது ரவையாகியிருந்தது.

வீட்டுக்கு வந்த அன்றே சின்னம்மா வந்துவிட்டார். போனில் இருந்த முந்நூறு படங்களையும் காட்டினேன். மலை, பனி, கோச்சி, ஏரி, தேயிலைக்கு நடுவில் கூடையோடு அம்மா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி, பொறுமையாகக் கடைசிவரை பார்த்தார்.

"நல்லாருக்கு கண்ணு. இதெல்லாம் நம்ம கீழ்மலைதானே? சரி, ஊட்டி படம் எங்க?"