ஜவ்வு கிழிந்தபின் கோல் காக்கத் திரும்பிய கதை

முழங்கால் ஜவ்வு கிழிந்த கால்பந்து வீரர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை எல்லாம் ஓடுகிறவர்களுக்கானது. எப்போது நடக்கலாம், எப்போது ஓடலாம், அதோடு சரி. கோல்கீப்பரின் வேலையே வேறு. குதிக்க வேண்டும், பக்கவாட்டில் பாய வேண்டும், விழுந்த வேகத்தில் எழ வேண்டும். வியாசர்பாடியில் எங்களோடு பயிற்சி எடுக்கும் ஒரு சிறுமிக்குச் சமீபத்தில் இதே காயம். மறுபடி கோல் காக்க முடியுமா, எப்படி என்று அவளும் அவள் அம்மாவும் கேட்ட கேள்விகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு நேர்ந்தது ஒரு கார்னர் பந்தில். உயர எழும்பிப் பிடித்துவிட்டேன். இடது காலை மட்டும் ஊன்றி இறங்கியபோது முழங்கால் உள்பக்கமாக மடங்கியது. உள்ளே ஏதோ தெறித்த சத்தம் எனக்கே கேட்டது. யாரும் என்மேல் மோதவில்லை. ஏ.சி.எல். என்பது முழங்காலின் உள்ளே இருக்கும் இந்த ஜவ்வின் பெயர். அதில் வரும் காயங்களில் பெரும்பாலானவை இப்படி மோதலே இல்லாமல்தான் வருகின்றன; ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகின்றன.

எம்.ஆர்.ஐ. எடுத்தவுடனே அறுவை சிகிச்சை செய்துவிடவில்லை. வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீள வேண்டும் என்றார் மருத்துவர். வீட்டில் எல்லோருக்கும் பதற்றம். ஆனால் விறைத்துப்போன முழங்காலில் கத்தி வைத்தால் பிறகு மடக்குவதும் நீட்டுவதும் பெரும்பாடாகிவிடும். தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநாண் எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்தினார்கள்.

செலவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெண்கள் கால்பந்தில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு சீசனுக்குத்தான். என் சிகிச்சை நடந்தபோது ஒப்பந்தம் முடிந்திருந்தது. பிசியோவுக்கான பணம் எங்கள் கையிலிருந்து போனது. இந்திய மகளிர் லீக் அணி ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது தர வேண்டும் என்று கால்பந்து சம்மேளனம் 2023இல் அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் அந்தப் பத்துப் பேரில் இல்லாதவருக்கும், ஒப்பந்தம் முடிந்து படுத்திருப்பவருக்கும் அது எட்டாது. கையெழுத்துப் போடும் முன், காயம்பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, எத்தனை மாதம் வரை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகான முதல் பயிற்சி மிகச் சிறியது. முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, தொடையை இறுக்கி அதை அழுத்த வேண்டும். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கால் சில்லு மேலே ஏறுகிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பார். அது முதன்முறையாக அசைந்த அன்று என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

ஆபத்தான கட்டம் வலி போனபிறகு வருகிறது. இரண்டு மூன்று மாதத்தில் நன்றாக நடப்போம், படியேறுவோம். ஆனால் பொருத்திய நாண் உடம்போடு சேர்ந்து ஜவ்வாக மாறிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்தில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். தோழிகள் நேரு பார்க் மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். "வலி இல்லை என்பதால் தேறிவிட்டது என்று நினைக்காதே அம்மா" என்றார் பிசியோ. அறுவை சிகிச்சை முடிந்து 9 மாதம் ஆகும்வரை ஆட்டம் கிடையாது, ஒற்றைக் காலில் தாண்டும் தூரமும் தொடையின் பலமும் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது வர வேண்டும் என்பது அவர் வைத்த கணக்கு. இரண்டும் சேர்ந்து நிறைவேற வேண்டும்.

பாய்வதை உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்கினோம். பிறகு குந்திய நிலை, கடைசியாக நின்ற நிலை. செயற்கைப் புல்லில் காலணியின் அடியிலுள்ள ஸ்டட் சிக்கிக்கொள்ளும் என்பதால் ஈர மண்ணில்தான் விழுந்தேன். இடப்பக்கம் பாய உந்துவது இடது கால். அதனால் மாஸ்டர் வாரக்கணக்கில் வலப்பக்கமே பந்தை உருட்டினார். உயரப் பந்துக்கு முதலில் இரு காலிலும் இறங்கப் பழகி, பிறகு ஒற்றைக் காலுக்கு வந்தோம். பக்கத்தில் ஒருத்தி தோளால் இடிக்க, பந்தை விடாமல் இறங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. உடம்பு தயாரான பிறகும் கண் பந்தைவிட்டு முழங்காலுக்குப் போகும். அந்த நாட்களில் அதிதி சௌகானை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் அணிக்கு ஆடிய இந்தியக் கோல்கீப்பர். இரண்டு முறை ஏ.சி.எல். காயத்திலிருந்து மீண்டு, 2025இல்தான் ஓய்வு பெற்றார்.

இப்போது மீண்டும் கோல் காக்கிறேன். எங்கள் சிறுமிகள் ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் ஃபிஃபா 11+ என்ற தயாரிப்புப் பயிற்சியைச் செய்கிறார்கள். ஓட்டம், தொடைக்கான பயிற்சி, குதித்து முழங்கால் உள்ளே சாயாமல் இறங்குவது, எல்லாம் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். அதைத் தொடர்ந்து செய்யும் அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆட்ட நேரம் வீணாகிறது என்று முணுமுணுப்பு எழும். எழட்டும், நான் விடுவதாக இல்லை.