2018 ரைசன் கணினி: எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில்

2018, 2019 வாக்கில் குறைந்த செலவில் கணினி கட்டியவர்களிடம் இன்றும் ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த அமைப்புதான்: ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி பிராசஸர், ஏ320 அல்லது பி450 மதர்போர்டு, ஒற்றை 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், கேபினட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே இப்போது திணறுகிறது. கடையில் கேட்டால் "எல்லாத்தையும் மாத்திடுங்க சார்" என்பார்கள். தேவையில்லை. மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஒதுக்க முடிந்தால் ஒன்றரை வருடத்தில் இதே பெட்டியைத் தேற்றிவிடலாம். எதை எந்த வரிசையில் வாங்குகிறோம் என்பதில்தான் காசு மிச்சமாவதும் வீணாவதும் இருக்கிறது.

இது ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) என்பது அதிர்ஷ்டம். 2017 ரைசன் முதல் 2022-இல் வந்த ரைசன் 5 5600, ரைசன் 7 5800எக்ஸ்3டி வரை ஒரே சாக்கெட். அதே காலத்து இன்டெல் 8, 9-ஆம் தலைமுறை போர்டு வைத்திருப்பவர்களுக்கு 9-ஆம் தலைமுறையோடு கதை முடிந்துவிட்டது. அதற்கு மேல் போக போர்டையே மாற்ற வேண்டும்.

திட்டத்துக்கு இரண்டே நிபந்தனை. ஒவ்வொரு பொருளை வாங்கிய பிறகும் கணினி முழுதாக ஓட வேண்டும். அடுத்த பொருளுக்காக அரைகுறையாகக் காத்துக் கிடக்கக் கூடாது. இன்று வாங்குவது அடுத்த கட்டத்திலும் பெட்டிக்குள் இருக்க வேண்டும். "இப்போதைக்கு இது போதும்" என்று வாங்கி ஆறு மாதத்தில் கழற்றிப் போடும் பொருள்தான் இருப்பதிலேயே விலை அதிகமான பொருள்.

வாங்கும் முன் ஒரு வாரம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி ஹார்டு டிஸ்க். மெமரி பகுதியில் 'கமிட்டட்' என்ற எண், உள்ளே இருக்கும் ரேமைத் தாண்டிப் போனால் ரேம் போதவில்லை. 2200ஜியில் இன்னொரு விஷயம்: கிராபிக்ஸுக்காக ரேமிலிருந்தே 2 ஜிபி எடுத்து வைத்திருந்தால், 8 ஜிபி போட்டும் விண்டோஸ் 5.9 ஜிபிதான் பயன்படுத்த முடியும் என்று காட்டும். ரேம் பழுதாகவில்லை, பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அந்த ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலும் முதல் செலவு எஸ்எஸ்டிதான் (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்). ஹார்டு டிஸ்க் ஒரே பெரிய கோப்பை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்துவிடும். ஆனால் விண்டோஸ் படிப்பது சிதறிக் கிடக்கும் ஆயிரம் சின்னக் கோப்புகள், அங்கே வேகம் 1 எம்பிக்கும் கீழே போய்விடும். பி450 போர்டில் எம்.2 இடம் (எஸ்எஸ்டியை நேராகப் போர்டிலேயே செருகும் இடம்) இருந்தால் 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்குங்கள். பிசிஐஇ (எஸ்எஸ்டியும் கார்டும் போர்டோடு பேசும் பாதை) 4.0 எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இந்த போர்டில் அது 3.0 வேகத்தில்தான், அதாவது 3,500 எம்பியை ஒட்டித்தான் ஓடும். சில போர்டுகளில் எம்.2 பயன்படுத்தினால் ஹார்டு டிஸ்க் கேபிள் செருகும் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு செயலிழக்கும். எஸ்எஸ்டி போட்டதும் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போனால் கேபிளை வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். எம்.2-க்கான பொடி ஸ்க்ரூ மதர்போர்டு பெட்டியில் இருக்கும். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருந்தால் கடையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டேப் ஒட்டிச் சமாளிக்க வேண்டாம்.

விண்டோஸை புதிதாகவே நிறுவுவது நல்லது. பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன்தான் வேண்டும் என்றால் குளோன்ஜில்லா மென்பொருள் இலவசம். பழைய டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறையில் இருந்தால், விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி கட்டளையால் ஜிபிடி என்ற புது முறைக்கு மாற்றி, பிறகு பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய பூட் முறைக்கான வசதி) அணைக்கலாம். வரிசை மாறினால் கணினி பூட் ஆகாது. ஹார்டு டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம், படங்களுக்கும் பேக்கப்புக்கும் இருக்கட்டும்.

அடுத்தது ரேம். ஒற்றை ரேம் என்றால் ஒற்றைச் சேனல், அதாவது தரவு போக ஒரே பாதை. 2400 மெகாஹெர்ட்ஸ் ஒற்றை ரேம் நொடிக்கு 19.2 ஜிபி தரும். அதே ரேம் இரண்டு போட்டால் 38.4. தனி கார்டு இல்லாத 2200ஜிக்கு இந்த அகலம்தான் உயிர், கேம் ஃப்ரேம் கண்ணுக்குத் தெரியும்படி ஏறும். நான்கு இடம் உள்ள போர்டில் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4-ஆம் இடங்களில் போட வேண்டும். 2025 கடைசியில் மெமரி விலை தாறுமாறாக ஏறியதால் இதைப் பழைய சந்தையில் வாங்குவதே புத்திசாலித்தனம். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் துணிந்து வாங்கக்கூடிய பொருள் ரேமும் பிராசஸரும். எஸ்எம்பிஎஸ்ஸும் ஹார்டு டிஸ்க்கும் கூடவே கூடாது. வாங்கிய அன்றே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுங்கள். "ஒண்ணுதானே" என்று விட்டால் மாதம் ஒருமுறை காரணமே தெரியாமல் நீலத்திரை வரும், அதற்கு எஸ்எஸ்டியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

புது ரேம் போட்டு முதலில் ஆன் செய்யும்போது ஒரு நிமிடம்வரை திரை கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமைப் பழகிக்கொள்கிறது. பதறி ஸ்விட்சை அணைக்காதீர்கள். அதற்கு மேலும் வரவில்லை என்றால் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து, இரு பக்கமும் 'கிளிக்' கேட்கும்படி அழுத்திப் போடுங்கள். பிராண்டு மாறிய இரண்டு ரேம் போட்டால் குறைந்த வேகத்துக்கு இரண்டும் இறங்கும், அது சரிதான். எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) போட்டு நிலையாக ஓடவில்லை என்றால் வேகத்தை ஒரு படி குறையுங்கள்.

மூன்றாவதாக எஸ்எம்பிஎஸ். வாங்கியபின் எந்த வித்தியாசமும் தெரியாத செலவு இது, அதனால்தான் எல்லோரும் தள்ளிப் போடுகிறார்கள். கேபினட்டோடு வந்ததைக் கழற்றி அதன் லேபிளைப் படியுங்கள். மேலே பெரிதாக '450' என்று இருக்கும். கீழே அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 × 16 = 192 வாட், அவ்வளவுதான் அதன் உண்மையான சக்தி. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். நிஜமான 450 வாட் யூனிட்டில் அந்தக் கட்டத்தில் 36 ஆம்பியரை ஒட்டி இருக்கும்.

இனி கணக்கு. நாம் போகப்போகும் ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். ரைசன் 5 5600 முழு வேகத்தில் 76 வாட் வரை இழுக்கும். போர்டு, டிஸ்க், மின்விசிறிகளுக்கு 40. மொத்தம் 250-ஐ ஒட்டி. நல்ல 450 வாட் போதும். நாளை பெரிய கார்டு எண்ணம் இருந்தால் 550. '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்று மட்டுமே, பாதுகாப்புச் சுற்றுக்கு அது உத்தரவாதம் அல்ல. அதற்கு ஐந்து வருட வாரண்டி தருகிற மாடலாகப் பாருங்கள். பில்லில் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள்.

இங்கே செய்யக் கூடாத ஒன்று: கார்டுக்கான 8 பின் கேபிள் இல்லையென்று சாட்டா பவரிலிருந்து மாற்றும் இணைப்பியை வாங்குவது. சாட்டா பவர் முனை 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்தான் தாங்கும். அதன் வழியே நூறு வாட்டுக்கு மேல் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். இன்னொன்று, கேபிள் தனியாகக் கழன்று வரும் மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் பழைய யூனிட்டின் கேபிளைப் புதியதில் செருகவே செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருக்கும், ஆன் செய்த நொடியில் டிஸ்க் போய்விடும்.

கேபினட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று இழுக்கிறதா? பெரும்பாலும் சுவர் பிளக்கில் எர்த் இல்லை. புது எஸ்எம்பிஎஸ் போட்டாலும் இழுக்கும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 600 விஏ யூபிஎஸ் வைத்திருந்தால் அது தருவது 360 வாட்டை ஒட்டித்தான். கேம் ஓடும்போது மானிட்டரும் சேர்ந்தால் கரண்ட் போகும் நேரத்தில் அது தாங்குகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

பிராசஸரா, கார்டா, எது முதலில்? இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2200ஜிக்குள் கிராபிக்ஸ் இருக்கிறது. 5500, 5600 இரண்டிலும் இல்லை. கார்டு இல்லாமல் 5600 வாங்கி மாட்டினால் மின்விசிறி சுற்றும், திரையில் எதுவும் வராது. ஆகவே கேம், வீடியோ எடிட்டிங் நோக்கம் என்றால் கார்டு முதலில். 2200ஜி கார்டுக்கு எட்டு லேன்தான் (பிசிஐஇ பாதையின் தடங்கள்) தரும். ஆர்எக்ஸ் 6600-உம் எட்டு லேன் கார்டுதான், கணக்கு பொருந்திவிடுகிறது. விலையைப் பார்த்து ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போக வேண்டாம்: அதற்கு நான்கு லேன், 3.0 போர்டில் அதன் அகலம் பாதியாகிவிடும், மாடல் பெரும்பாலும் 4 ஜிபி வேறு. கார்டு எப்போதுமே வாங்கப்போவதில்லை, ஆபீஸ் வேலையும் யூடியூபும்தான் என்றால் 5600ஜி எடுத்து அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கார்டு மாட்டும் முன் நீளத்தை அளந்து பாருங்கள். பழைய கேபினட்டில் ஹார்டு டிஸ்க் கூண்டு இடிக்கும். மாட்டியபின் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள். போர்டிலேயே விட்டுவிட்டு "இருபதாயிரம் போட்டும் வேகம் ஏறல" என்பவர்கள் நிறைய.

பிராசஸர் கடைசி. முதலில் பயாஸ், பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே. போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் பார்த்து, தயாரிப்பாளர் தளத்தில் சிபியு பட்டியலில் 5600-க்கு எந்த பயாஸ் என்று பாருங்கள். சில போர்டுகளில் நேராகக் கடைசி பதிப்புக்குத் தாவ முடியாது, இடையில் ஒன்றைப் போட்டுத்தான் போக வேண்டும். அந்தக் குறிப்பு பதிவிறக்கப் பக்கத்திலேயே இருக்கும். பென் டிரைவ் ஃபேட்32-வில் இருக்கட்டும், யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். முடிந்ததும் அமைப்புகள் எல்லாம் பழையபடி ஆகிவிடும், எக்ஸ்எம்பி, சிஎஸ்எம் இரண்டையும் மறுபடி பாருங்கள். விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ இருந்தால் பயாஸில் கை வைக்கும் முன்பே நிறுத்தி வைத்து, மீட்புச் சாவியைப் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். ஏஎம்டியில் எஃப்டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) பிராசஸரோடு சேர்ந்தது. பிராசஸர் மாறியதும் விண்டோஸ் அந்தச் சாவியைக் கேட்கும்.

கழற்றும் முறை முக்கியம். ஏஎம்4-இல் 1331 பின்களும் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. ஆறு வருடத்தில் கூலருக்கும் பிராசஸருக்கும் இடையிலுள்ள பேஸ்ட் காய்ந்து கோந்து மாதிரி பிடித்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், நெம்புகோல் பூட்டியிருந்தாலும் பிராசஸர் அதோடு பிய்ந்து வரும், பின் வளையும். அதனால் பத்து நிமிடம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பின்னால் இருக்கும் தகடு கழன்று விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கூலரை இடமும் வலமுமாகத் திருகுங்கள். வழுக்குவது கையில் தெரிந்தபின் தூக்குங்கள். மீறி ஒரு பின் வளைந்துவிட்டால் 0.5 மிமீ மெக்கானிக்கல் பென்சிலை உள்ளே குச்சி இல்லாமல் அதன் மேல் செருகி மெதுவாக நிமிர்த்தலாம். புதியதை வைக்கும்போது மூலையிலுள்ள தங்க முக்கோணம் சாக்கெட் முக்கோணத்தோடு பொருந்தினால் தானாக உட்காரும். அழுத்த வேண்டியிருந்தால் எங்கோ தவறு.

இந்த மாற்றத்தில் ஒரு கொசுறு: 2200ஜி விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, 5600 இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. ஜிபிடி டிஸ்க், எஃப்டிபிஎம், செக்யூர் பூட் மூன்றும் தயாராக இருந்தால் அதிகாரபூர்வமாகவே மேலேற்றிக்கொள்ளலாம்.

இதற்கிடையில் பி550 போர்டு, வண்ண விளக்கு மின்விசிறி, தண்ணீர் கூலர் என்று மனது அலையும். பி450 இருப்பவருக்கு பி550 தருவது பிசிஐஇ 4.0-உம் சில போர்ட்டுகளும்தான், இந்தக் கார்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் வித்தியாசம் தெரியாது. ஏ320 இருந்தாலும் 65 வாட் பிராசஸரோடு நிறுத்தினால் போதும். ஹீட்சிங்க் இல்லாத அந்த விஆர்எம்மில் (பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) 105 வாட் 5800எக்ஸ் போடாதீர்கள். ஏஎம்5-க்குப் போவது படிப்படியான வேலை அல்ல: போர்டு, பிராசஸர், டிடிஆர்5 மூன்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டும். அந்த நாள் வரும்போது எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, கார்டு, கேபினட் எல்லாம் இங்கிருந்து அப்படியே போகும்.

கழற்றிய 2200ஜியை இரண்டு வாரம் வைத்திருங்கள், புதியதில் ஏதாவது கோளாறு என்றால் பிரித்துப் பார்க்க உதவும். புது பயாஸ் அதை இன்னும் ஏற்கிறதா என்பதை மட்டும் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு விற்றுவிடலாம். உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் வாங்க ஆள் கிடைப்பார்கள். 5600 வந்த பிளாஸ்டிக் உறையிலேயே பின்கள் படாமல் வைத்துக் கொடுங்கள்.