நீதிபதி வேடம்

1958 ஆண்டு விழாவில் இரங்கூனில் நம் பள்ளிக்கூடத்தில் போட்ட ‘பராசக்தி’ நீதிமன்றக் காட்சிகள் யாருக்காவது நினைவிருக்கிறதா? குணசேகரனாக முழங்கியவனை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அவனுக்கு முந்திய காட்சியில் கறுப்பு அங்கி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன் சந்திரசேகரன் நான்.

தமிழ் ஐயா வசனப் புத்தகத்தைப் பார்த்து அவரவர் பாகத்தைக் கைப்பட எழுதித் தந்தார். என் பங்கு அரைப் பக்கம்கூட வரவில்லை. கல்யாணியின் வழக்கைக் கேட்க வேண்டும். அவள் தன் தங்கை என்று தெரிந்ததும் மயங்கி விழ வேண்டும். அவ்வளவுதான். தோளில் அடிபடாமல் எப்படிச் சாய்வது என்று ஐயா ஒரு வாரம் பழக்கினார். நன்றாகவே விழுந்தேன். அந்த மனிதன் ஏன் விழுகிறான் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. 1952 தீபாவளிக்கு வெளியான படம். கோவிலையும் பூசாரியையும் பழிக்கிறது என்று அப்பா எங்களைப் போகவே விடவில்லை. விழாவுக்கு வந்து என் வேடத்தைப் பார்த்தவருக்கு என்ன தோன்றியதோ, இரங்கூனில் அது மறுபடி ஓடியபோது தாமே என்னைக் கூட்டிப்போனார்.

பாவலர் பாலசுந்தரத்தின் மேடை நாடகம்தான் கருணாநிதியின் வசனத்தில், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமானது. குணசேகரனின் நீதிமன்றப் பேச்சில் படம் எதையும் கூட்டிவிடவில்லை என்றே இன்றும் சொல்வேன். அது மேடைக்கு உரிய சொத்து. சிவாஜியும் மேடையிலிருந்து வந்தவர்தானே. நம் பையன் பேசியபோதும் மண்டபம் அதிர்ந்தது. படம் எனக்குத் திறந்து காட்டியது பேச்சில்லாத இடங்களை.

முதலில், அந்த மூன்று அண்ணன்மாரும் நம் ஊர்க்காரர்கள்! இரங்கூனில் பிழைப்பவர்கள். தங்கை கல்யாணத்துக்குக் கப்பலில் ஒருவனுக்குத்தான் இடம் கிடைக்கிறது. ஜப்பான்காரன் குண்டு போட, மற்ற இருவரும் இந்தியாவுக்கு நடக்கிறார்கள். வழியில் நடு அண்ணன் ஞானசேகரன் பிரிந்துபோய்க் காலை இழக்கிறான். மேடையில் நாங்கள் இதைத் தொடவே இல்லை. திரையிலும் கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் 1942-இல் அப்படி நடந்தவர்கள். சோடா விற்கிற பையன்கூடக் குரல் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு வாசல். ஊர் வந்து சேர்ந்து நீதிபதியாகிவிட்ட சந்திரசேகரன் வீட்டின் முன் கல்யாணி வந்து கையேந்துகிறாள். யாரென்று தெரியாமல் அவளை அவன் விரட்டிவிடுகிறான். அதைப் பார்த்த பிறகுதான் நீதிமன்றத்தில் அவன் எதனால் விழுகிறான் என்று எனக்குப் புரிந்தது. தங்கை கிடைத்த அதிர்ச்சியில் அல்ல. விரட்டிய கை நினைவுக்கு வந்ததால். சந்திரசேகரனாக நடித்த சகஸ்ரநாமம் அந்த இடத்தில் அதிகம் பேசுவதில்லை. முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கும்போது பேச வேண்டியிருக்கவும் இல்லை. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று ஐயா எங்களுக்குச் சொல்லித்தந்த நடிப்பில் இதற்கு வழியில்லை.

படம் விட்டு மொகல் வீதி வழியாக நடந்து வந்தோம். வழக்கமாக மொகிங்கா என்கிற மீன்குழம்புச் சேவை வாங்கித் தருகிற இடத்தைத் தாண்டி அப்பா போய்க்கொண்டே இருந்தார். வீடு நெருங்கியதும்தான் பேசினார்.

“நானும் உன் சித்தப்பாவும் புரோம் வரைக்கும் சேர்ந்துதான் போனோம், தம்பி. அரக்கான் மலையில அவனுக்குக் காலரா. ஒரு மரத்தடியில படுக்க வச்சுட்டு வந்துட்டேன்.”

சித்தப்பா ஊரில் காய்ச்சலில் போனார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

மறு வருடமும் அதே காட்சிகளைப் போட்டோம். வாசல் காட்சியையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஐயாவிடம் கெஞ்சினேன். நேரமில்லை என்றவர் கடைசியில் ஐந்து நிமிடம் கொடுத்தார். கல்யாணி வேடக்காரன் கையேந்தி நிற்க, போ என்று விரட்டினேன். அடுத்து நீதிமன்றம். விழ வேண்டிய நேரம் வந்தபோது, பழகி வைத்திருந்த சாய்வு எனக்கு வரவில்லை. தோள் மேசை விளிம்பில் மோதியது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். முன்வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரை இறங்கிய பிறகு பார்த்தால் அப்பாவின் இடம் காலியாக இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருந்தார்.