போயிட்டு வந்து பில்லு குடுன்னா யாரு போவா?

கான்ஃபரன்ஸ்ல ஆராய்ச்சிப் பேப்பர எடுத்துக்கிட்டாங்கன்னு மெயில் வந்ததும் எங்க பக்கத்துப் பிள்ளைங்க மொதல்ல பாக்குறது ரெஜிஸ்ட்ரேஷன் பீஸ் எவ்ளோன்னு தான். வாழ்த்துக்கள்னு மேல போட்டிருக்கிற வரிய அப்புறம் தான் படிக்கிறாங்க. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், கானாடுகாத்தான்னு சுத்துப்பட்டுல இருந்து வர்ற பிள்ளைங்களுக்கு வருஷக்கணக்கா கிளாஸ் எடுக்குறேன், அதனால இதப்பத்தி எழுதியே ஆகணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

மாணவர் ஆராய்ச்சிக்கு உதவித்தொகைன்னு நிறைய காலேஜ்ல ஒண்ணு இருக்கு, நோட்டீஸ் போர்டுலயும் ஒட்டியிருப்பாங்க, காலேஜுக்குத் தரம் போடுற நாக் கமிட்டி வரும்போது ஃபைலும் காட்டுவாங்க. ஆனா அந்த விதிமுறைய முழுசா படிச்சுப் பாருங்க, பாதிக்கு மேல "மாணவர் சென்று வந்தபின் அசல் ரசீதுகளைச் சமர்ப்பித்தால் தொகை வழங்கப்படும்"னு இருக்கும். என் சண்டையே அந்த ஒத்த வரியோட தான். போயிட்டு வந்தப்புறம் காசு தர்றேன்னு சொன்னா, ஏற்கனவே கையில காசு இருக்குறவனுக்குத் தான் அது உதவி. இல்லாதவனுக்கு அது எவ்ளோ பெரிய தொகையா இருந்தாலும் இல்லாத தொகை தான்.

முன்னாடி நான் வேலை பாத்த ஒரு காலேஜ்ல (பேர் வேணாம்) எம்எஸ்சி பிசிக்ஸ் கடைசி வருஷப் பொண்ணு ஒருத்தி. பழைய செட்டிநாட்டு வீடு ஏன் வெயில் காலத்துல குளுகுளுன்னு இருக்குங்குறத நாம எல்லாரும் வாயால சொல்லிக்கிட்டே இருக்கோமே, அவ அத அளந்து பாக்கணும்னா. சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் போட்ட பூச்சு, மேல ரெண்டு மூணு அடுக்கு ஓடு, நடுவுல வானம் பாத்த வளவு (முற்றம்), இதுல எது எவ்ளோ வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும். அவ வீட்டுக்குத் தெரிஞ்ச ஒரு ஆச்சி, பிள்ளைங்கல்லாம் வெளிநாட்டுல, தனியா அந்தப் பெரிய வீட்டப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, "அளந்துக்க ஆத்தா, செவுத்துல மட்டும் ஆணி அடிச்சுராத"ன்னு சாவியக் குடுத்துட்டாங்க. முகப்புல ஒண்ணு, வளவுல ஒண்ணு, ரெண்டாங்கட்டுல ஒண்ணு, மாடியில ஒண்ணுன்னு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வச்சு சித்திரை வைகாசி முழுக்க நேரம் தவறாம குறிச்சு வச்சா. தெர்மாமீட்டர் வாங்குன காசு அவளுக்கு பிஎஸ்சி படிக்கும்போது வந்த புதுமைப் பெண் திட்டப் பணம், மாசம் 1,000 ரூபா வந்துச்சுல்ல, அதுல மிச்சம் பிடிச்சது.

சென்னையில ஒரு கான்ஃபரன்ஸ்ல போஸ்டர் போட, அதாவது கண்டுபிடிச்சத ஒரு பெரிய தாள்ல அச்சடிச்சு மாட்டி விளக்க, இடம் கெடச்சுச்சு. மாணவர் கட்டணம் 1,500. இந்த 1,500 தான் வெளிய தெரியுற செலவு, மத்ததெல்லாம் யாரும் எழுதி வைக்கிறதில்ல. பல்லவன் ரயில் காரைக்குடியில விடியக்காலை கெளம்பி எழும்பூர் போய்ச் சேரவே மத்தியானம் ஆயிரும், கான்ஃபரன்ஸ் ஆரம்பிக்கிறது காலையில ஒன்பது மணி, அப்போ மொத நாளே போயி ஒரு ராத்திரி தங்கணும். இல்ல ராத்திரி ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் பிடிக்கணும், அதுக்கு ரிசர்வேஷன் இப்போ 60 நாளுக்கு முன்னாடி தொறக்குது, நமக்கு அக்செப்ட் மெயில் வர்றதோ மூணு வாரத்துக்கு முன்னாடி, வெயிட்டிங் லிஸ்ட் எப்பவோ நீண்டு போயிருக்கும், தட்கல் தான் கதி. பொம்பளப் பிள்ளைய தனியா அனுப்ப வீட்டுல யோசிப்பாங்க, கூட அம்மாவோ சித்தியோ வரணும், அது ரெண்டாவது டிக்கெட், அந்த டிக்கெட்டுக்கு எந்த விதிமுறையிலயும் இடம் கெடையாது. போஸ்டர் ஃப்ளெக்ஸ் அடிக்கணும், ஆட்டோ, சாப்பாடு. அவ அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறவர். போக வேணாம்னு அவர் ஒரு வார்த்தை சொல்லல, மாசக்கடைசியில இவ்ளோ பணத்த எங்கிட்டுப் போயி பொரட்டுறதுன்னு தான் முழிச்சாரு. காலேஜ்ல கேட்டா விதிமுறையக் காமிச்சாங்க, பில்லு குடுத்தா மூணு நாலு மாசத்துல வந்துரும்னாங்க. அவ போகல. செமஸ்டர் பரீட்சைக்குப் படிக்கணும்னு சொல்லிட்டா.

அவ்ளோ தான் நடந்தது, அழுகை ஆர்ப்பாட்டம் எதுவும் இல்ல, எந்த ரெக்கார்டுலயும் ஏறல, அந்த வருஷ அறிக்கையில "விண்ணப்பம் எதுவும் வரவில்லை"ன்னு எழுதியிருப்பாங்க, அடுத்த வருஷம் அந்த நிதியக் கொறைக்க அதையே காரணமாவும் காட்டலாம். எனக்குத் தாங்க முடியாதது இது தான். கேக்காததனால தேவையில்லன்னு முடிவு பண்றது.

நம்ம ஊர்ல இருந்துக்கிட்டு இத ஏத்துக்கவே முடியல. சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், எப்படி வந்துச்சுன்னு இங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூபாயும் மொதல்ல குடுத்தாரு, 1948 ஜூலையில நேரு வந்து அடிக்கல் நாட்டுனாரு, 1953 ஜனவரி 14ல ராதாகிருஷ்ணன் தொறந்து வச்சாரு. அந்த 15 லட்சத்த எடுத்துக்கிட்டு, மொதல்ல நீங்க கண்டுபிடிங்க, பில்லோட வாங்க, அப்புறம் தர்றேன்னு அவர் சொல்லியிருந்தா இன்னிக்கு காரைக்குடியில மின்வேதியியல் ஆராய்ச்சியே இருந்திருக்காது. யாவாரத்துல வர்றதுல மகமைன்னு ஒரு பங்க எடுத்து வச்சு தர்மத்துக்குன்னு தனிக்கணக்கு எழுதுன ஊரு இது. காசிக்குப் போறவங்க தங்கணும்னு அங்க சத்திரம் கட்டி வச்சாங்க நகரத்தாருங்க, போறவன் கெளம்புறதுக்கு முன்னாடியே அவன் தங்க எடம் தயாரா இருந்துச்சு. படிக்கப் போற பிள்ளைக்கும் அந்த முறை தான் வேணும்னு கேக்குறேன்.

அரசாங்கத்துல ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல வரல. மத்திய அரசு அறிவியல் தொழில்நுட்பத் துறையோட (டிஎஸ்டி) இன்ஸ்பையர் திட்டத்துல பிஎஸ்சி அடிப்படை அறிவியல் படிக்கிறவங்களுக்கு வருஷம் 80,000 ரூபா, அதுல 60,000 உதவித்தொகை, மிச்ச 20,000 கோடை விடுமுறையில ஒரு ஆராய்ச்சியாளர்கிட்ட போயி வேலை செய்றதுக்குன்னே ஒதுக்குனது. ஆனா பிளஸ் டூ போர்டுல முதல் ஒரு சதவீதத்துக்குள்ள இருக்கணும். இந்திய அறிவியல் அகாடமி மத்த ரெண்டு அகாடமிங்களோட சேந்து கோடைக்கால ஃபெல்லோஷிப் தருது, ரெண்டு மாசம், உதவித்தொகையும் ட்ரெயின் சார்ஜும் உண்டு, பெரிய பெரிய லேப்ல ஒக்காந்து கத்துக்கலாம். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் கடைசி வருஷப் பிள்ளைங்க ப்ராஜெக்ட்டுக்குன்னு ஒரு திட்டம் வச்சிருக்கு. பிஎச்டிக்குப் போயி ஜேஆர்எஃப்ங்குற ஆராய்ச்சி உதவித்தொகைய வாங்கிட்டா 2023ல இருந்து மாசம் 37,000, அதோட வருஷச் சில்லறைச் செலவுக்குத் தனியா, கலைப் பாடத்துக்கு மொத ரெண்டு வருஷம் 10,000 வீதம். அப்போ மாட்டிக்கிறது யாரு? அந்த ஒரு சதவீதத்துல வராத, இன்னும் பிஎச்டிக்குப் போகாத, அதுலயும் தமிழோ வரலாறோ எடுத்த எம்ஏ பிள்ளை. அவனுக்கு காலேஜ் தான் தரணும், வேற யாரும் இல்ல.

வரலாறு தமிழ்ப் பிள்ளைங்க கதைய இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா ஆராய்ச்சின்னா லேப் மட்டும் தான்னு நெனைக்கிற ஆளுங்க இந்த கமிட்டிங்கள்ல நிறைய இருக்காங்க. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்க சேத்து வச்ச புஸ்தகம், பத்திரிகை, நோட்டீஸு எல்லாம் அவர் 1992ல காலமானப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994ல சென்னையில நூலகமாச்சு. அது நல்லபடியா பாதுகாக்கப்பட்டது பெரிய விஷயம், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா கோட்டையூருக்குப் பக்கத்து ஊர்ல ஒக்காந்து செட்டிநாட்டு அச்சகங்கள பத்தி எழுதுற பிள்ளை, பக்கத்துலயே சேந்த புஸ்தகத்தப் படிக்க, அந்த நூலகம் இருக்குற சென்னை தரமணிக்கு ட்ரெயின் ஏறணும், ஒரு வாரம் தங்கணும். இது கான்ஃபரன்ஸ் இல்ல, அதனால பயணப்படி கெடையாதுங்குறாங்க. கான்ஃபரன்ஸ்ல பத்து நிமிஷம் பேசுறதுக்குக் காசு உண்டு, பேசுறதுக்கு விஷயம் தேடுறதுக்குக் காசு இல்லைன்னா அப்புறம் அவன் எதைப் பேசுவான், நெட்ல இருந்து எடுத்து ஒட்டித் தான் பேசுவான்.

நம்ம வீடுங்களப் பத்தி, நம்ம ஊர்ங்களப் பத்தி வெளிநாட்டுல இருந்து வந்து அளந்து, வரைஞ்சு, எழுதிட்டுப் போறாங்க. 2014ல இருந்து செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவோட தற்காலிகப் பட்டியல்ல இருக்கு. அவங்க எழுதுறது நல்லது தான், ஆனா தரையில பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லப் பத்தி ஆத்தங்குடிப் பிள்ளை எழுதுன பேப்பரும் ஒண்ணு இருக்கணும்ல.

எல்லா கான்ஃபரன்ஸுக்கும் அள்ளிக் குடுங்கன்னும் சொல்லல. "இன்டர்நேஷனல்"னு பேர வச்சுக்கிட்டு ஒரே நாள்ல நூத்துக்கணக்கான பேப்பர், ஆளே வராட்டியும் சர்டிபிகேட், பணம் கட்டுன மறுநாளே அக்செப்ட்னு நடக்குற கூத்தெல்லாம் இருக்கு, அதுக்கு ஒரு பைசா குடுக்கக் கூடாது. நல்ல ஜர்னல்னு யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) போட்டு வச்சிருந்த கேர் லிஸ்ட்டையும் 2025 பிப்ரவரில எடுத்துட்டாங்க, அதனால எது நல்ல ஜர்னல், எது நல்ல கான்ஃபரன்ஸ்னு பாத்துச் சொல்ற பொறுப்பு இப்போ முழுசா வாத்தியாருங்க தலையில தான் இருக்கு. நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணு, நாம அனுப்புன அப்ஸ்ட்ராக்ட்ட (பேப்பரோட சுருக்கத்த) படிச்சுட்டு யாராவது ஒரு கேள்வியாவது திருப்பிக் கேட்டு அனுப்பியிருக்காங்களான்னு. கேட்டிருந்தா அங்க படிக்கிற ஆள் இருக்குன்னு அர்த்தம்.

இப்போ நான் இருக்குற டிபார்ட்மென்ட்ல வாத்தியாருங்களும் பழைய மாணவருங்களும் சேந்து ஒரு சின்ன நிதி வச்சிருக்கோம். பெருசா ஒண்ணுமில்ல, ஆனா முன்பணம். மெயில் வந்த ரெண்டு நாளைக்குள்ள ரெஜிஸ்ட்ரேஷன் பணத்த நேரா நாங்களே கட்டிருவோம், டிக்கெட்டும் நாங்களே போட்டுக் குடுப்போம், பொம்பளப் பிள்ளைக்குக் கூட வர்ற ஒரு ஆளுக்கும் சேத்து. கைச்செலவுக்கு ஒரு தொகை. வந்தப்புறம் ரசீது குடுத்தா போதும், ஆட்டோக்காரர் ரசீது தரமாட்டாருங்குறதும் எங்களுக்குத் தெரியும், ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டா வாங்கிக்கிறோம். பணம் போயிருமேன்னு ஆரம்பத்துல சில பேர் பயந்தாங்க. ஒரு பிள்ளையும் ஏமாத்தல, மிச்சமானத மடிச்சு கவர்ல கொண்டாந்து குடுக்குதுங்க.

போன தடவ ஒரு பொண்ணு அவ அம்மாவக் கூட்டிக்கிட்டுப் பல்லவன்ல போனா. போஸ்டர் முன்னாடி நின்ன ஒரு பெரிய பேராசிரியர் அரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்டிருக்காரு, இவ தெரிஞ்சதுக்குப் பதில் சொல்லி, தெரியாதத குறிச்சுக்கிட்டு வந்திருக்கா. அந்தக் குறிப்பு தான் இப்போ அவ அடுத்த ப்ராஜெக்ட். அம்மா என்ன பண்ணாங்கன்னு கேட்டேன், ஹாலுக்கு வெளிய சேர்ல ஒக்காந்து, போற வர்றவங்ககிட்டல்லாம் "உள்ள எம்பொண்ணு படம் மாட்டியிருக்கா, பாத்துட்டுப் போங்க"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்களாம்.

விண்ணப்பம் எழுதுற பிள்ளைங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அரைப்பக்கம் போதும். என்ன கேள்வி, இதுவரைக்கும் என்ன பாத்திருக்க, அங்க போயி யார்கிட்ட என்ன கேக்கப் போற, செலவு என்னென்ன. செலவக் கொறச்சுக் காமிச்சா கெடைக்கும்னு நெனச்சுத் தங்குற செலவ விட்றாதீங்க, கூட வர்ற ஆள் செலவையும் விட்றாதீங்க, எல்லாத்தையும் எழுதுங்க. கோடை ஃபெல்லோஷிப்புக்கெல்லாம் முந்தின வருஷக் கடைசியிலயே விண்ணப்பம் முடிஞ்சிரும், அதனால தீபாவளி லீவுல ஒக்காந்து எழுதிருங்க, பொங்கல் வரைக்கும் தள்ளாதீங்க.

இந்த ஊர்ல படிச்சுட்டு சிங்கப்பூர், சென்னை, பெங்களூர்னு இருக்குறவங்க நிறைய பேர் இதப் படிப்பீங்க. நீங்க படிச்ச டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு போன் போட்டு, கான்ஃபரன்ஸுக்குப் போற பிள்ளைங்களுக்கு முன்பணமா தர்றீங்களா, பில்லு வந்தப்புறம் தர்றீங்களான்னு கேளுங்க. பில்லு வந்தப்புறம்னு சொன்னாங்கன்னா, முன்பணத்துக்குன்னு நான் தர்றேன்னு சொல்லுங்க. ஜனவரி பிப்ரவரில தான் நிறைய கான்ஃபரன்ஸ் நடக்குது, கார்த்திகைக்குள்ள பணம் வந்து சேந்தா அந்த வருஷத்துப் பிள்ளைக்கே உதவும்.