கார் சாவி தொலைந்தது: கம்பெனி சர்வீஸா, சாவிக்காரரா?

அப்பாவை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போயிருந்த நாள். எல்லாம் முடிந்து லிஃப்டில் இறங்கி, மருத்துவமனையின் அடித்தளப் பார்க்கிங்கில் கார் முன்னால் நின்று பையைத் துழாவினேன். சாவி இல்லை. மறுபடி மேலே போய் நாங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலிகள், பில் கட்டிய கவுன்ட்டர், கழிப்பறை என்று ஓர் இடம் விடாமல் தேடினேன். செக்யூரிட்டியிடமும் சொல்லிவைத்தேன். கிடைக்கவில்லை. அப்பாவை டாக்ஸியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் அங்கேயே நின்றுகொண்டேன்.

ஸ்பேர் சாவி கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பத்து வயதுக் கார் இது. வாங்கும்போதே ஒரு சாவிதான் கைக்கு வந்தது. "இன்னொன்று வீட்டில் எங்கேயோ இருக்கு, தேடித் தரேன்" என்றார் விற்றவர். நானும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. அப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

முதலில் போன் செய்தது கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு. அவர்கள் சொன்னது எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. பதிவுச் சான்று, என் அடையாள அட்டை, காரின் 17 எழுத்து சேஸிஸ் நம்பர் வேண்டும். அந்த நம்பரை வைத்து, தொழிற்சாலையில் இந்தக் காரின் சாவிக்கு எந்த வெட்டு கொடுத்தார்கள் என்று பார்த்து, அதே வெட்டில் புதுச் சாவி வரவழைப்பார்கள். அதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். ஆனால் சாவி வந்துவிட்டால் மட்டும் வண்டி கிளம்பாது, அதை வண்டியோடு சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும், அதனால் காரை இங்கே கொண்டுவாருங்கள் என்றார்கள்.

எப்படிக் கொண்டுபோவது? பார்க்கிங்கின் கூரை உயரம் இழுவை வண்டி உள்ளே வரப் போதாது. ஸ்டியரிங்கும் பூட்டிக்கொண்டிருந்தது. கார் வெட்டவெளியில் நின்றிருந்தால் ஒருவேளை நான் அன்றைக்கே கம்பெனி வழியில் போயிருப்பேன்.

சாவி என்றால் வெட்டிய இரும்புத் துண்டு, எந்தக் கடையிலும் டூப்ளிகேட் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது இம்மொபிலைசர் வந்துவிட்டது, அதாவது சரியான சாவி இல்லாமல் இன்ஜின் ஓடாதபடி தடுக்கும் அமைப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களில் இது கட்டாயம். ஆஸ்திரேலியாவில் 2001, கனடாவில் 2007. கட்டாயம் இல்லாத இடங்களிலும் கம்பெனிகள் இதைப் பொருத்தத் தொடங்கிவிட்டன. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் நெல்மணி அளவில் ஒரு சிப் இருக்கும். அதற்கு பேட்டரி தேவையில்லை. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உண்டு, அதிலிருந்து வரும் அலையில்தான் சிப் உயிர் பெற்றுத் தன் அடையாளத்தைச் சொல்லும். வண்டியின் கணினிக்கு அந்த அடையாளம் தெரியவில்லை என்றால் இன்ஜின் ஓடாது. பட்டன் அழுத்தினால் கதவு திறக்கும் ரிமோட் இதில் சேராது. அதற்குத்தான் அந்த வட்ட பேட்டரி. ரிமோட் செத்துப்போனாலும் சிப் வேலை செய்யும், வண்டி ஓடும்.

ஆக, எனக்கு வேண்டியவை மூன்று. பூட்டுக்குப் பொருந்தும் வெட்டு, வண்டி ஏற்றுக்கொள்ளும் சிப், முடிந்தால் ரிமோட். இதை முன்பே இப்படிப் பிரித்துப் பார்த்திருந்தால் அடுத்து செய்த போன்களில் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும்.

சாவிக்காரர்கள் மூன்று பேரிடம் பேசினேன். முதலாமவர் என்ன கார், எந்த வருடம் என்று எதையும் கேட்காமலே ஒரு தொகையைச் சொல்லி, பாதியை முன்பணமாக அனுப்பச் சொன்னார். இரண்டாமவர் கதவுப் பூட்டைத் துளைத்துத்தான் திறக்க முடியும், புதுப் பூட்டு தனியாக வாங்கணும் என்றார். இரண்டு பேரையும் விட்டுவிட்டேன். மூன்றாமவர் எடுத்த எடுப்பிலேயே கேள்விகளை அடுக்கினார். எந்த வருடத்து மாடல்? சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்வதா, பட்டனா? வேறு சாவி ஏதாவது ஓடுகிறதா? கார் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா? எங்கே நிற்கிறது, பேட்டரி எப்படி? அதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் தொகை சொன்னார். வந்துபோகும் செலவு, வெட்டுவது, சிப் பதிவு எல்லாம் அதற்குள். கம்பெனி விலையோடு இழுவைச் செலவையும் கூட்டினால் வருவதில் ஏறக்குறைய பாதி அது. தொகையைவிட அந்தக் கேள்விகள்தான் எனக்கு நம்பிக்கை கொடுத்தன.

வந்ததும் முதலில் ஆவணம் கேட்டார். அசல் காருக்குள் இருந்தது, போனில் படம் மட்டும்தான் வைத்திருந்தேன். "கதவைத் திறந்து தரேன். உள்ளே இருக்கிற அசலைக் காட்டுங்க. பெயர் ஒத்துப்போனால்தான் சாவி வெட்டுவேன்" என்றார். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் யார் கேட்டாலும் சாவி செய்து கொடுக்கிறவராக அவர் இருந்தால் என் கார் எப்படிப் பத்திரமாக இருக்கும்? இதைக் கேட்காத சாவிக்காரரிடம் யாரும் காரை ஒப்படைக்க வேண்டாம்.

அடுத்து நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கதவின் சாவித் துவாரத்தில் மெல்லிய கருவி ஒன்றை நுழைத்து, உள்ளே இருக்கும் சின்னத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு நகர்த்தினார். சில நிமிடத்தில் பூட்டு திரும்பியது. கதவைத் திறந்ததும் அலாரம் அலறியது, செக்யூரிட்டி ஓடி வந்தார், விளக்கிச் சொல்லி அனுப்பினோம். பதிவுச் சான்றைப் பார்த்துக்கொண்டு, அதே கருவியால் ஒவ்வொரு தகடும் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று படித்துக் காகிதத்தில் எண்களாக எழுதினார். அந்த எண்களைத் தன் வேனில் இருந்த வெட்டும் இயந்திரத்தில் கொடுத்தார். கதவுப் பூட்டில் இருப்பதைவிட ஸ்டார்ட் செய்யும் பூட்டில் தகடுகள் அதிகம் என்பதால் கடைசி இரண்டு வெட்டுகள் கதவிலிருந்து தெரியவில்லை. பொருந்தக்கூடிய சேர்க்கைகளை ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டுப் பார்த்தார். நான்காவதில் சாவி திரும்பியது.

தேய்ந்த பழைய சாவியை வைத்து அச்சு அசலாக நகல் எடுத்தால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே வரும், கொஞ்ச நாளில் பூட்டில் சிக்கும் என்றார் அவர். எண்ணை வைத்து வெட்டினால் தொழிற்சாலை அளவுக்கே போய்விடலாம். சாவி ஒன்று கையில் இருப்பவர்களும் கடையில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் விளக்கெல்லாம் எரிந்தது. கூடவே சாவிப் படம் போட்ட விளக்கும் மின்னியது. புதுச் சாவியின் சிப்பை வண்டி இன்னும் ஏற்கவில்லை. கார் பேட்டரியோடு ஒரு சார்ஜரை இணைத்தார். பதிவு நடக்கும்போது மின்னழுத்தம் இறங்கினால் பாதியில் கெட்டுப்போகுமாம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் தன் கருவியைச் செருகினார். பாதுகாப்புக் குறியீட்டை எடுக்க அதற்கு இன்டர்நெட் வேண்டும், அடித்தளத்திலோ சிக்னல் இல்லை. சரிவுப் பாதையின் பாதி வரை போய் என் போனை ஹாட்ஸ்பாட்டாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அவர் கூப்பிட்டார். "இந்த வண்டிக்கு எத்தனை சாவி வச்சிருந்தீங்க?"

"ஒன்றுதான்."

திரையைக் காட்டினார். பதிவான சாவிகள்: 3.

நான் தொலைத்தது போக, என் காரைத் திறந்து ஓட்டிக்கொண்டு போகக்கூடிய சாவி இன்னும் இரண்டு எங்கேயோ இருந்திருக்கிறது. பழைய உரிமையாளரிடமோ, அவருக்கும் முன்னால் வைத்திருந்தவரிடமோ, தெரியாது. மூன்று வருடம் அந்தக் காரை வாசலில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். அன்று சாவி தொலைந்ததைவிட இதுதான் என்னை உலுக்கியது. பழையவை மூன்றையும் அழித்துவிட்டுப் புதிதாக இரண்டு பதிவு செய்தார். இனி பழைய சாவி கையில் இருக்கிறவர் கதவை வேண்டுமானால் திறக்கலாம், இன்ஜினை ஓட்ட முடியாது. கதவும் திறக்கக்கூடாது என்றால் பூட்டையே மாற்ற வேண்டும். சாவியோடு வீட்டு முகவரியும் சேர்ந்து தொலைந்திருந்தால் அதைத்தான் செய்யச் சொல்வேன் என்றார். என்னுடையதில் முகவரி எதுவும் இல்லை.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிற எல்லோரிடமும் இப்போது இதைக் கேட்கிறேன்: எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று பார்த்தீர்களா? கம்பெனியிலும் பார்ப்பார்கள், சாவிக்காரரும் பார்ப்பார். அதற்குச் சில நிமிடம்தான் ஆகும்.

அன்று வாங்கிய இரண்டும் ரிமோட் இல்லாத சிப் சாவிகள். அவரிடம் இருந்த ரிமோட் என் மாடலுக்கு வேலை செய்யும், ஆனால் கம்பெனி ரிமோட் அளவுக்குத் தூரம் எட்டாது என்று அவரே சொன்னார். ரிமோட் வேண்டும் என்றால் அவசரம் இல்லாதபோது கம்பெனியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். தன் வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று ஒருவர் அப்படிச் சொல்வதை நான் மதிக்கிறேன்.

இடையில் ஒரு சின்னக் கடையில் விசாரித்தபோது, பதிவெல்லாம் வேண்டாம், இருக்கிற சாவியின் சிப்பையே நகல் எடுத்துத் தரேன், விலையும் குறைவு என்றார்கள். சில பழைய சிப்களில் அது முடியும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் 40 பிட் சாவிச் சிப்பில் இருந்த ரகசியக் குறியீட்டை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்எஸ்ஏ ஆய்வகமும் சேர்ந்து 2005-லேயே உடைத்துக் காட்டிவிட்டன. ஆனால் நகல் எடுத்தால் வண்டிக்கு இரண்டும் ஒரே சாவிதான். நாளைக்கு ஒன்று தொலைந்தால் அதை மட்டும் அழிக்க வழியில்லை. திரையில் அந்த மூன்றைப் பார்த்த பிறகு எனக்கு அதில் மனம் போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து கம்பெனியில் ரிமோட் சாவிக்குச் சொல்லிவைத்தேன். ஒன்பது நாளில் வந்தது. இப்போது ஓடுகிற சாவி கையில் இருப்பதால் இழுவை வண்டி, அவசரம் எதுவும் இல்லை. நானே ஓட்டிக்கொண்டு போனேன், அரை மணி நேரத்தில் பதிவு முடிந்தது. வெட்டு அவ்வளவு கச்சிதம். வாகன நிறுத்தத்தின் அந்தக் கோடியிலிருந்து அழுத்தினாலும் கதவு திறக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் அந்த வேலைக்கு அது தகும் என்றே நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அலமாரியில் வைத்திருந்த இரண்டாவது சிப் சாவியால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. என் காரில் கம்பெனி முறைப்படி பதிவு செய்யும்போது பழைய பட்டியல் முழுக்க அழிந்து, அப்போது கையில் இருக்கிற சாவிகள் மட்டும்தான் மறுபடி ஏறும். எல்லாச் சாவிகளையும் கொண்டுவரச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் வண்டியில் வேறு மாதிரி இருக்கலாம், ஆனாலும் போகும்போது வீட்டில் இருக்கிற அத்தனை சாவியையும் எடுத்துப் போங்கள்.

என் அக்காவுடைய காரில் இதே கதை வேறு மாதிரி போனது. பட்டன் ஸ்டார்ட், சாவி பையிலேயே இருந்தால் போதும் என்கிற வகை, புதிய மாடல். அவளும் முதலில் அதே சாவிக்காரரைத்தான் கேட்டாள். இந்த மாடலுக்குள் வெளிக் கருவியால் நுழைய முடியாது, கம்பெனிக்கே போங்க என்று போனிலேயே சொல்லிவிட்டார். பழைய ரிமோட் ஒன்றை ஆன்லைனில் மலிவாக வாங்கலாமா என்று கேட்டதற்கும், வேண்டாம், பெரும்பாலும் முதல் காரோடு பூட்டிக்கொண்டுவிடும், இன்னொரு காரில் ஏறாது என்றார். அவளுடைய காப்பீட்டில் சாவி இழப்புக்கும் ஈடு இருந்தது. கம்பெனி ரசீதைக் கொடுத்துப் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கிவிட்டாள். நான் என் பாலிசியை அன்றைக்கு எடுத்துப் பார்க்கவே இல்லை.

அலமாரியில் இருந்த என் சிப் சாவியை மறுபடி சேர்க்க அந்தச் சாவிக்காரரைக் கூப்பிட்டேன். அருகில் இன்னொரு வேலை இருந்ததால் வந்துபோகும் செலவு வாங்கவில்லை. இந்த முறை கார் வீட்டு வாசலில் நின்றது, சிக்னலும் இருந்தது. மூன்று சாவிகளையும் வரிசையாக இருக்கையில் வைத்தேன். ஒவ்வொன்றாகப் போட்டுத் திருப்பினார், ஒவ்வொன்றிலும் இன்ஜினை ஓடவிட்டு நிறுத்தினார். கடைசியில் நானே கேட்டுத் திரையைப் பார்த்தேன். பதிவான சாவிகள்: 3.